கத்திச் சேகரிப்பு எப்போது போதுமான அளவை எட்டுகிறது? தென் எல்லைச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கத்தி சேகரிப்பவரிடம் ‘எத்தனை இருந்தால் போதும்?’ என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்பே பதிலாக வரும். நாணயமோ தபால்தலையோ சேர்ப்பவர் அந்தச் சிரிப்போடு பல ஆண்டுகளை ஓட்டிவிடலாம். ஆல்பத்தில் செருகிய நாணயத்தைப் பத்தாண்டுகள் எடுத்துப் பார்க்காவிட்டாலும் அது நாணயமாகவே இருக்கும். இரும்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. கவனிப்பாரற்ற கத்தி சில மழைக்காலங்களுக்குள் வாய் மழுங்கி, அலகில் குழி விழுந்து, கடைசியில் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைத் தராசில் ஏறும் பண்டமாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும், களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் வாழும் தமிழ்ச் சேகரிப்பாளர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி எல்லைகளில் இருப்பவர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும் என்றாலும், மழைக்கணக்கை மட்டும் அவரவர் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். மழையைத் தொடக்கத்திலேயே இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கத்திச் சேகரிப்பின் எல்லையைக் கையிருப்புப் பணமோ அலமாரியின் அகலமோ நிர்ணயிப்பதற்கு முன்பாகவே நம் ஊர் ஈரக்காற்று நிர்ணயித்துவிடுகிறது என்பது என் கருத்து. உரிமையாளர் அதை ஒப்புக்கொள்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

படி 1: எல்லாவற்றையும் ஒரே அறைக்குக் கொண்டுவருதல்

ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கிக்கொண்டு, வீட்டில் இருக்கும் எல்லாக் கத்திகளையும் தடித்த போர்வை ஒன்றின்மீது வரிசையாகப் பரப்ப வேண்டும். எல்லாம் என்றால் எல்லாமும்தான்: கண்ணாடி அலமாரியில் இருப்பவை, மேசை இழுப்பறையில் கிடப்பவை, மச்சில் சாக்குக்குள் சுற்றி வைத்தவை, காரின் டேஷ்போர்டில் மறந்துபோன மடக்குக் கத்தி, உறவினர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும் பெட்டிக் கத்தி வரை. தனித்தனி இடங்களில் இருக்கும்போது ஒவ்வொன்றும் ‘ஒன்றே ஒன்று’ என்பதால் மனம் மொத்தத்தைக் குறைத்தே மதிப்பிடும். ஒரே போர்வையில் பரப்பினால் அந்த ஏமாற்று நடக்காது.

இதற்கு ஆயுத பூஜையை ஒட்டிய நாள்களே பொருத்தமானவை. தென்மேற்குப் பருவமழை தணிந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்கத் தொடங்கும் இடைவெளி அது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் முறைப்படி கைமாற்றப்பட்டு, தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவதை இப்பகுதியினர் அறிவார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும், இரு மாநில அதிகாரிகளின் முன்னிலையில் அந்த வழக்கம் தொடர்கிறது. வீட்டிலும் அந்த நாள்களில் வெட்டுகத்தியிலிருந்து கத்தரிக்கோல் வரை எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டுப் பூஜைக்கு வெளியே வரும் என்பதால், சேகரிப்பைப் பரப்பி வைப்பதற்குத் தனியாக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

படி 2: உழைக்கும் கத்திகளைக் கணக்கிலிருந்து விலக்குதல்

நம் பக்கத்து வீடுகளில், யாரும் எதையும் சேகரிக்கத் தொடங்கும் முன்பே கத்திகள் நிறைய இருக்கும். விறகுக்கும் தேங்காய்க்கும் ஒரு வெட்டுகத்தி, காய்கறிக்கு ஒரு பிச்சாத்தி, மீனுக்கென்று தனியாக ஒன்று, மூலையில் அரிவாள்மணை, வயதானவர்கள் இருந்தால் பாக்குவெட்டி, குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களானால் பால்வெட்டுக் கத்தி. இவை தினமும் வேலை செய்கின்றன. தேய்ந்தால் தீட்டப்படும், முறிந்தால் மாற்றப்படும். இவற்றைச் சேகரிப்பின் எண்ணிக்கையில் சேர்ப்பதும், ‘வீட்டுக்குத் தேவைதானே’ என்று சேகரிப்புக் கத்திகளை இவற்றின் நிழலில் ஒளித்து வைப்பதும் ஒரே அளவுக்குத் தவறான கணக்கைத் தரும்.

ஆகவே போர்வையில் இருப்பவற்றை மூன்று குவியல்களாகப் பிரிக்கலாம். முதலாவது, கடந்த மூன்று மாதங்களுக்குள் எதையாவது வெட்டியவை. இரண்டாவது, வெட்டாவிட்டாலும் ஏன் வைத்திருக்கிறோம் என்று ஒரே மூச்சில் சொல்ல முடிபவை. மூன்றாவது, இரண்டிலும் சேராதவை. முதல் குவியலைச் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டாவதுதான் சேகரிப்பு. மூன்றாவது குவியல் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால், போதுமான அளவு எப்போதோ கடந்துபோய்விட்டது என்றே கொள்ள வேண்டும். இருந்தாலும் அவசரப்பட்டு எதையும் தூக்கிக் கொடுத்துவிடாமல் அடுத்த படிகளையும் முடிக்க வேண்டும். மூன்றாவது குவியலில் கிடக்கும் ஒன்றைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்பதால் அது மதிப்பற்றது என்று ஆகிவிடாது.

படி 3: ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்

கோடு போட்ட சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அது எங்கிருந்து வந்தது, யார் அடித்தது, எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது, அலகின் நீளமும் அகலமும் முதுகின் கனமும் எவ்வளவு, இரும்பு துருப்பிடிக்கும் வகையா, துருப்பிடிக்காத வகையா, பிடி எந்த மரம், பூண் பித்தளையா இரும்பா, எங்கே பழுது என்பதையெல்லாம் எழுத வேண்டும். விலையைக் கடைசி வரியில் எழுதினால் போதும்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு பாளை அரிவாளை எடுத்துக்கொள்வோம். பனையேறுபவர் இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டிக்குள் இருக்கும் கருவி அது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய தகடாகச் சீவுவதுதான் அதன் வேலை என்பதால் அலகு மெலிந்தும் வாய் மிகக் கூர்மையாகவும் இருக்கும். மரப்பலகையில் கல்பொடியைத் தூவித் திரும்பத் திரும்பத் தீட்டியதில், பயன்பாட்டில் இருந்த அரிவாளின் அலகு நடுப்பகுதியில் உள்வாங்கியிருக்கும். பிடியில் பெருவிரல் அழுந்தும் இடம் மட்டும் பளபளவென்று மெழுகேறியிருக்கும். வலக்கைக்காரர் வைத்திருந்ததா, இடக்கைக்காரர் வைத்திருந்ததா என்பதைக்கூட அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இவ்வளவையும் எழுதினால் ஒரு பக்கம் போதாது.

அதே மேசையில், ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கிய, அலகில் அலை அலையாகக் கோலம் அச்சிடப்பட்ட மடக்குக் கத்தி ஒன்றும் இருக்கலாம். அதற்கான பக்கத்தில் விலையையும் வாங்கிய தேதியையும் தவிர எழுத எதுவும் வராது. நோட்டில் இரண்டு வரியைத் தாண்டாத பக்கங்கள் தொடர்ச்சியாக வரத் தொடங்கும் இடத்தில், அறிவதற்காக வாங்கியது நின்றுபோய், வாங்குவதற்காகவே வாங்கியது தொடங்கியிருக்கிறது. பலருடைய நோட்டில் இந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

படி 4: சேகரிப்புக்கு ஒரு வரம்பு எழுதுதல்

‘எனக்குக் கத்திகள் பிடிக்கும்’ என்பது ஒரு வரம்பு ஆகாது, ஏனென்றால் அதற்கு முடிவே கிடையாது. ‘விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் கைத்தொழிலுக்குப் பயன்பட்ட கத்திகள்’ என்பது வரம்பு. அதில் வெட்டுகத்தி, பாளை அரிவாள், மட்டை அரிவாள், நெல் அறுக்கும் அரிவாள், பால்வெட்டுக் கத்தி, மீன் வெட்டும் கத்தி, செருப்பு தைப்பவரின் தோல் கத்தி என்று ஒரு கைப்பிடி வகைகளே வரும். வகைக்கு ஒன்று நல்லதாகக் கிடைத்துவிட்டால் சேகரிப்பு நிறைந்துவிட்டது என்று நேர்மையாகச் சொல்ல முடியும். திருப்பாச்சேத்தி அரிவாளும் மலப்புறம் கத்தியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கும், நிற்கவும் வேண்டும்.

வெளிநாட்டுக் கத்திகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் தொடங்கிய ஒப்பினெல் மடக்குக் கத்திகளை எடுத்துக்கொண்டால், 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகள் 1897-ல் வந்தன. பின்னர் 1-ஐயும் 11-ஐயும் நிறுத்திவிட்டார்கள். எஞ்சிய பத்து அளவுகளையும் சேர்ப்பேன் என்பவருக்கு முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. அதே கத்தியைக் கார்பன் இரும்பில் ஒன்று, துருப்பிடிக்காத இரும்பில் ஒன்று, ஓக் பிடியில் ஒன்று, ஆலிவ் பிடியில் ஒன்று என்று தொடர்பவருக்கு முடிவு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவின் கையில்தான் இருக்கிறது. சுவிஸ் ராணுவக் கத்திகளின் நிலையும் இதுவே. 1891-ல் படைவீரர்களுக்கு வழங்கத் தொடங்கிய மாதிரியிலிருந்து இன்று வரையிலான ராணுவ வடிவங்களை மட்டும் தேடுவது ஒரு சேகரிப்பு. ஆண்டுதோறும் வெளிவரும் நிறம் மாற்றிய பதிப்புகளையும் அதில் சேர்த்துக்கொண்டால் அது வாடிக்கையாளராக இருப்பது மட்டுமே.

வரம்பை நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதி, அதன் கீழே இன்னும் கிடைக்காத வகைகளை எழுத வேண்டும். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால், வாங்குவதற்கு இனி எதுவும் இல்லை.

படி 5: மழைக்கணக்கு

இதுவே இந்த வழிகாட்டியின் மையப் படி என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுகிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் ஒரு பருவமழையையே பெரிதும் நம்பியிருக்க, குமரி மாவட்டம் இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்கு மழையையும் ஐப்பசி மழையையும் சேர்த்தே வாங்குகிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு வரும். அந்த உப்பு படிந்தால், துருப்பிடிக்காத இரும்பு என்று பெயர் பெற்றதிலும் ஊசிமுனை அளவுக் குழிகள் விழும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருப்பதால்தான் அந்த இரும்புக்கு அப்பெயர்; துருவே பிடிக்காது என்று அதற்கு யாரும் உறுதி அளித்துவிடவில்லை. நம் கொல்லர்கள் பழைய லாரியின் வில்பட்டையை வாங்கி அடித்துத் தரும் வெட்டுகத்திக்கு அந்தக் குரோமியப் பாதுகாப்பும் கிடையாது.

கணக்கு இவ்வாறு போட வேண்டும். ஆனி மாதத்தில், நல்ல மழை நாள் ஒன்றின் பிற்பகலில், சேகரிப்பில் உள்ள கத்திகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முழுமையான பராமரிப்புச் செய்யுங்கள். முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அலகை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கருநீலமாகவோ சாம்பல் நிறமாகவோ படர்ந்திருந்தால் கவலை இல்லை; ஏத்தங்காய் சீவிய கத்தி கறுப்பதைப் போன்ற மேற்படிவு அது, அலகுக்கு ஓரளவு காவலும்கூட. காவி நிறத்தில் பொடி ஒட்டியிருந்தால் அது துரு. எண்ணெய் தொட்ட மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் அதை மட்டும் மெல்ல எடுக்க வேண்டும். செங்கல்பொடி போட்டுத் தேய்க்கும் பழைய வழக்கம் வெட்டுகத்திக்குச் சரி. கொல்லர் முத்திரை குத்திய அலகில் அதைச் செய்தால் சில ஆண்டுகளில் முத்திரை அழிந்து, யார் அடித்தது என்ற தகவலே போய்விடும். பூணின் இடுக்கையும் பிடியின் அடியையும் குச்சியில் சுற்றிய துணியால் துடைத்து, கடைசியாக எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதில் நம் ஊரில் விவாதத்துக்கே இடமில்லை என்று நினைப்போம். கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும். தினமும் கையாளும் கத்திக்கு அது போதும், பலாப்பிசினை எடுப்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கும் அலகில் அது காறலடித்து, பிசுபிசுத்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நாள்பட்டாலும் கெடாது என்பதால் சேகரிப்புக்கு அதுவே பொருத்தம்.

கத்தியைத் தோலுறைக்குள் வைத்துப் பாதுகாப்பதாக நினைப்பவர்கள் பலர். பதப்படுத்திய தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும். அந்தத் தோல் மழைக்காலத்தில் ஈரத்தையும் உறிஞ்சி அலகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உறையைக் கத்தியின் பக்கத்தில் வையுங்கள், கத்தியை உறைக்குள் வைக்க வேண்டாம். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை ஈரம் குடித்த பிறகு சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

இவ்வளவையும் அவசரமின்றிச் செய்யும்போது, ஒரு பிற்பகலில் எத்தனை கத்திகளை முடிக்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எஞ்சியவற்றை மறுநாள் தொடர்ந்தால் தவறில்லை. ஆனால் எஞ்சியவை மறுவாரமும் எஞ்சியே இருந்தால், முதல் பிற்பகலின் எண்ணிக்கையே உங்கள் சேகரிப்பின் இயல்பான அளவு. சிலருக்கு அது பன்னிரண்டாக இருக்கும், சிலருக்கு நாற்பதாக இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கைக்குத் துணையாகப் பேரன் ஒருவனும் இருப்பவருக்கு இன்னும் கூடலாம். இந்த எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிட்டுப் பயனில்லை. அதைத் தாண்டி வாங்கும் ஒவ்வொரு கத்தியும், ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றின் பராமரிப்பைப் பறித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது.

படி 6: பூட்டும் சட்டமும் வீட்டாரும்

பூட்டிய அலமாரிக்குள் அடங்குவதே அதிகபட்சம் என்று கொள்ளலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவது பார்வைக்கு நன்றாக இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய வாள்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். அங்கே காவலர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை, வாள், குத்துவாள் போன்றவற்றோடு சேர்த்து ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை இதிலிருந்து நீங்கலாகும். இத்தகைய ஆயுதங்களுக்கு உரிமம் தேவைப்படுவது மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் என்றாலும், உங்கள் பகுதியின் நிலையைக் காவல் நிலையத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டறிவது நல்லது. வெட்டுகத்தி வேளாண் கருவிதான். ஆனால் அதே கத்தியை உறையின்றிப் பேருந்தில் எடுத்துக்கொண்டு களியக்காவிளை சோதனைச் சாவடியைக் கடப்பவரிடம் யாரும் அதை வேளாண் கருவியாகப் பார்த்துப் பேச மாட்டார்கள். வாங்கிய கத்தியை அட்டையும் சாக்குமாகச் சுற்றி, கட்டி, ரசீதோடு பையின் அடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

மான்கொம்பிலோ யானைத் தந்தத்திலோ பிடி போட்ட கத்தியை, எவ்வளவு பழையதாக இருந்தாலும், விலை பேசவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படுவதால், அப்படிப்பட்ட ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்கு அனுப்பிவைப்பதும் கூடாது.

வீட்டாரின் கருத்தைக் கேட்பதையும் இந்தப் படியிலேயே முடித்துவிடலாம். ‘இதெல்லாம் எதுக்கு?’ என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ‘அந்த அலமாரியைத் திறக்கவே பயமா இருக்கு’ என்று சொன்னால் பொருட்படுத்த வேண்டும்.

படி 7: வாங்கும் முன் உலைக்காரர் கேட்கும் கேள்வி

உலைக்குப் போய் ஒரு கத்தியைச் சொல்லி அடிக்க வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். அருமனைப் பக்கத்து உலை ஒன்றில், அழகாக வளைந்த வெட்டுகத்தி ஒன்றைக் காட்டி, “அண்ணாச்சி, இதே மாதிரி இன்னொண்ணு அடிச்சுத் தருவியளா?” என்று கேட்டேன். துருத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்த பெரியவர் கேட்டது இவ்வளவுதான்: “அடிக்கலாம் மக்கா. வெட்டதுக்கா, பாக்கதுக்கா?”

அவருக்கு அது தொழில் சார்ந்த கேள்வி. தேங்காய் உடைப்பதற்கு என்றால் முதுகுக்குக் கனம் வைத்து, வாய் முறியாதபடி தோய்ச்சலை, அதாவது காய்ச்சிய இரும்பைத் தோய்த்துக் கடினமேற்றுவதை, சற்றுத் தணிவாகப் போடுவார். இறைச்சிக்கு என்றால் அலகை மெலிய அடித்து, வாயைக் கடினமாக்குவார். பார்ப்பதற்கு மட்டும் என்றால் தோய்ச்சலைப் பற்றிக் கவலைப்படாமல், மெருகிலும் பூணிலும் நேரத்தைச் செலவிடுவார். அடுத்த கத்திக்கு முன் ஒவ்வொரு சேகரிப்பாளரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள இதைவிடச் சுருக்கமான கேள்வி கிடையாது. வெட்டுவதற்கு என்றால், இப்போது இருப்பது எதை வெட்டவில்லை என்று சொல்ல முடிய வேண்டும். பார்ப்பதற்கு என்றால், இருப்பவற்றை எடுத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சொல்ல முடிய வேண்டும். இரண்டுக்கும் பதில் இல்லாமலும் ஆசை மட்டும் தணியாமல் இருந்தால், பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, ஒரு மழைக்காலம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். என் அனுபவத்தில் அந்தப் பக்கத்தில் பெரும்பாலானவை அப்படியே தங்கிவிடுகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேகரிப்பு இன்னும் போதுமானதாக இல்லை என்று இந்தப் படிகள் காட்டுவதும் நடக்கும். வரம்பில் எழுதிய ஒரு வகை கிடைக்காமல் இருக்கிறது, பிற்பகல் கணக்கில் இடம் இருக்கிறது, அந்தக் கருவியைப் பயன்படுத்தும் தொழிலே அருகிவருகிறது என்றால் தயங்காமல் வாங்க வேண்டும். பனையேறும் தொழிலை விட்டவர்களின் வீடுகளில் அரிவாள்பெட்டியோடு கிடக்கும் கருவிகள் மழைக்கு மழை குறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நியாயமான விலை கொடுத்து, பயன்படுத்தியவரிடமே அவற்றின் கதையையும் கேட்டு எழுதி வைப்பவரை அளவு மீறியவர் என்று யாரும் சொல்ல முடியாது.

படி 8: குறைத்தல்

மூன்றாவது குவியலுக்கு இப்போது திரும்பலாம். நோட்டில் பக்கம் நிரம்பாதவை, வரம்புக்கு வெளியே இருப்பவை, பிற்பகல் கணக்கில் இடம் பெறாதவை ஆகிய மூன்றிலும் சிக்கிய கத்தி வெளியேற வேண்டியதே. இரட்டைப் பிரதிகளில் பழுது அதிகம் உள்ளதைக் கொடுத்துவிட்டு நல்லதை வைத்துக்கொள்வது பொது வழக்கம்; ஆனால் பயன்பாட்டின் தேய்மானம் பழுது அல்ல என்பதால், புத்தம் புதியதைக் கொடுத்துவிட்டுத் தேய்ந்ததை வைத்துக்கொள்வது பல நேரங்களில் சரியான முடிவாக இருக்கும்.

வேலை செய்யத் தகுந்த கத்தியை வேலை செய்பவருக்கே கொடுங்கள். தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு நல்ல வெட்டுகத்தியும், புதிதாகச் சமையல் தொழிலுக்கு வந்த இளைஞருக்கு நல்ல வெளிநாட்டுச் சமையலறைக் கத்தியும் அலமாரியில் இருப்பதைவிடப் பல மடங்கு பயன்படும். கொடுக்கும்போது கைக்குக் கை தராமல், தரையிலோ மேசையிலோ வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் நம் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றினால் பெரியவர்களுக்கும் நிறைவு, விரல்களுக்கும் பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன் தெருவில் வரும் சாணைக்காரரிடம் பொறி பறக்கத் தீட்டிக் கொடுக்க வேண்டாம். உருளைக்கல்லின் சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் இறங்கி, கத்தி நிரந்தரமாக மென்மையாகிவிடும். தண்ணீர் தொட்டுக் கையால் தீட்டும் கல் போதும்.

விற்பதானால், முகம் தெரியாதவருக்கு நீண்ட அலகுகளை விற்காமல் இருப்பதும், நோட்டில் வாங்குபவரின் பெயரையும் தேதியையும் குறித்து வைப்பதும் நல்லது. நோட்டில் எழுதிய பக்கத்தை நகலெடுத்துக் கத்தியோடு கொடுத்துவிடுங்கள். அந்தத் தகவல் இல்லாமல் போனால் அடுத்தவர் கையில் அது மறுபடியும் மூன்றாவது குவியலுக்குப் போய்விடும்.

வெளியூருக்குப் போகிறவர்களுக்கு

வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ வேலைக்குச் சென்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்புபவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம் என்பதால், அவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. உங்களுடைய பிற்பகல் கணக்கு இங்கே செல்லாது. நீங்கள் இல்லாத இரண்டு மழைக்காலங்களிலும் அலமாரியைத் திறக்கப் போகும் அம்மாவோ மனைவியோ தம்பியோ எவ்வளவு செய்வார்கள் என்பதே அளவு. அதற்கு மேல் உள்ளவற்றில் பெட்ரோலியம் ஜெல்லியைச் சற்றுக் கனமாகவே பூசி, எந்திர உதிரிபாகங்களைப் பொதிவதற்குப் பயன்படும் துருத்தடுப்புத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, சுவரை ஒட்டாத உயரமான இடத்தில் வைக்க வேண்டும். தோலுறைகளை அந்த டின்னில் போடக் கூடாது. டின்னுக்குள் என்னென்ன இருக்கின்றன, எந்தப் பக்கம் முனை இருக்கிறது என்பதை மூடியின்மீது எழுதி, சாவி இருக்கும் இடத்தை வீட்டில் பெரியவர் ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் புறப்படலாம். அடைத்தது ஒரே டின்னில் அடங்கவில்லை என்றால், விமானம் ஏறுவதற்கு முன் எட்டாவது படியை மறுபடியும் ஒருமுறை செய்துவிட வேண்டும்.